கட்டில் வாங்குறதுக்கு முன்னாடி ரூமை அளந்தீங்களா?

மியூச்சுவல் ஃபண்டு, இன்கம் டேக்ஸ், ஹோம் லோன்னு பேசிக்கிட்டு இருக்கிற இடத்துல திடீர்னு கட்டில் எங்கே வந்துச்சுன்னு கேட்பீங்க. நம்ம மாதிரி நடுத்தரக் குடும்பத்துல வண்டி, நகை, டிவி, ஃபிரிட்ஜ் இதையெல்லாம் விட்டா, ஒரே நாள்ல பெரிய தொகை போற பொருள் கட்டிலும் மெத்தையும்தான். வண்டி வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம். நகை வாங்கும்போது சேதாரம் எத்தனை சதவீதம்னு சண்டை போடுறோம். கட்டில் வாங்கும்போது மட்டும் "தேக்கா? பார்க்க நல்லா இருக்கா?" அவ்ளோதான். வீடியோவுல எட்டு நிமிஷத்துக்கு மேல பேசினா நீங்க தள்ளி விட்டுடுறீங்க, அதனால கணக்கை இங்கே முழுசா எழுதுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்ம பக்கத்துல கட்டிலைத் தேர்ந்தெடுக்கிறது அதுல படுக்கப் போறவங்க இல்லை. பெண்ணோட அப்பா. அதுவும் கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி, பத்திரிகை வைக்கிற அலைச்சலுக்கு நடுவுல, தான் ஒரு தடவைகூட உள்ளே போய்ப் பார்க்காத ஒரு ரூமுக்காக வாங்குறார். கட்டில்ல நடக்கிற பெரிய நஷ்டம் எல்லாம் இந்த ஒரு இடத்துல இருந்துதான் ஆரம்பிக்குது.

எங்க ஊர் ஐயங்கார்குளம். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் நடவாவிக் கிணத்துக்கு எழுந்தருள்வாரே, அதே ஊர்தான். இந்தச் சுத்துவட்டாரத்துல "கட்டில் பீரோ" அப்படிங்கறது ஒரே வார்த்தை. சீர்வரிசை வண்டி தெருவுல வரும்போது முதல்ல கண்ணுல படுறது கட்டிலோட தலைமாட்டுப் பலகை. அதனால அது பெருசா இருக்கணும், மயிலோ தாமரையோ செதுக்கியிருக்கணும், பாலிஷ் பளபளன்னு இருக்கணும். சரி, அது போய்ச் சேர்ற ரூம் எப்படி இருக்கு? மாப்பிள்ளை ஒரகடத்துலயோ ஸ்ரீபெரும்புதூர்லயோ கம்பெனி வேலையில இருந்தா, வாடகை வீட்டுல 10க்கு 10 பெட்ரூம் கிடைச்சாலே பெரிய விஷயம். நெசவுக் குடும்பமா இருந்தா, வீட்டுல வெளிச்சம் வர்ற நல்ல இடத்தைத் தறி ஏற்கெனவே பிடிச்சுக்கிட்டு இருக்கும். மீதி இருக்கிற இடத்துலதான் மனுஷங்க.

தரைக்கும் விலை இருக்கு

கட்டிலுக்கு ரெண்டு விலை. ஒண்ணு கடையில கொடுக்கிறது. இன்னொண்ணு வீட்டுத் தரையில கொடுக்கிறது. ரெண்டாவதை யாரும் கணக்குல எடுக்கிறதில்லை.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை எடுத்துக்கங்க. சமையலறையும் சேர்த்து 360 சதுர அடி வீடு, அரசு கொடுக்கிறது ரூ.3.5 லட்சம். கையில இருந்து போடுற பணத்தை விட்டுட்டு அரசுத் தொகையை மட்டும் வெச்சுப் பார்த்தாலே ஒரு சதுர அடி ரூ.972. இப்போ "கிங் சைஸ்"னு சொல்ற கட்டில், மெத்தை அளவு ஆறரைக்கு ஆறு அடி. சட்டம், தலைமாடு, கால்மாடு எல்லாம் சேர்த்து வெளி அளவு சுமார் 7க்கு ஆறரை. அதாவது 45.5 சதுர அடி. அந்த வீட்டுல எட்டுல ஒரு பங்கை ஒரு கட்டில் எடுத்துக்குது. பணமாச் சொன்னா ரூ.44,000-க்கு மேல. பல பேருக்குக் கட்டிலோட விலையே அவ்வளவு இருக்காது.

வாடகை ரூமுக்கு வருவோம். 10 அடி அகலத்துல கட்டில் ஆறரை அடி போனா மீதி மூன்றரை. எதிர்ச் சுவர்ல பீரோ ஒன்றரை அடி. நடக்க 2 அடி. பீரோக் கதவைத் திறந்தா அதுவும் இல்லை. ஒருத்தர் துணி எடுக்கும்போது இன்னொருத்தர் கட்டில் மேல ஏறி நிக்கணும். இதே இடத்துல 5 அடி கட்டில் போட்டா நடை 3 அடி. குழந்தை பிறந்து தொட்டில் கட்டணும்னாலும் இடம் இருக்கும். 4 அடி கட்டில் ரெண்டு பேருக்கு நெருக்கம்தான், ஆனா நம்ம அப்பா அம்மா தலைமுறையில "டபுள் காட்"னு சொன்னது பெரும்பாலும் அதைத்தான்.

அளக்கிறதுக்கு ஆப் எதுவும் வேண்டாம். கோலமாவை எடுத்து, வாங்க நினைக்கிற கட்டிலோட வெளி அளவை ரூம் தரையில கோடு போடுங்க. ரெண்டு நாள் அந்தக் கோட்டைத் தாண்டாம நடந்து பாருங்க. கதவு முழுசாத் திறக்குதா, ஜன்னல் பக்கம் போக முடியுதா, ஸ்விட்ச் போர்டு தலைமாட்டுக்குப் பின்னாடி மறையுதா, ஃபேன் நேரா மேல வருதா, எல்லாம் அப்பவே தெரிஞ்சுடும். அப்படியே வாசக்கால் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துடுங்க. போல்ட் கழட்ட முடியாத கட்டிலை மாடிக்கு ஏத்த முடியாம பால்கனி வழியா கயிறு கட்டி இழுக்கிறதை நீங்களும் பார்த்திருப்பீங்க.

இதுல இன்னொரு சின்ன விஷயம், ஆனா பணம் போற விஷயம். நம்ம ஊர்த் தச்சர்கள் பல பேர் போடுற நீளம் ஆறேகால் அடி, அதாவது 75 அங்குலம். ஆன்லைன்ல நல்ல ஆஃபர்ல வர்ற மெத்தை நிறைய 78 அங்குலம். மூணு அங்குலம் அதிகமான மெத்தை சட்டத்துக்குள்ள உட்காராது, மடங்கி நிக்கும். 72 அங்குல மெத்தை வாங்கினா மூணு அங்குலம் பள்ளம். எது முதல்ல வாங்கினாலும் ரெண்டாவதுக்கு உள் அளவைச் சொல்லி வாங்குங்க. அளவுக்குச் செஞ்சு கொடுத்த மெத்தையை யாரும் திருப்பி எடுக்க மாட்டாங்க.

தேக்கு ஒரு முதலீடா?

"சார், தேக்கு விலை ஏறிக்கிட்டே போகுது, அதனால தேக்குக் கட்டில் ஒரு சொத்து." என்கிட்ட இதைச் சொல்லாத ஆளே இல்லை. மர விலை ஏறுறது உண்மை. ஆனா உங்க வீட்டுல இருக்கிறது மரம் இல்லை, பழைய கட்டில். அதை விக்கப் போனா பழைய சாமான் கடைக்காரர் சொல்ற விலைதான் விலை. கம்பெனிகள் சட்டம் 2013-ல பொதுவான ஃபர்னிச்சருக்கு ஆயுள் 10 வருஷம்னு அட்டவணை போட்டிருக்கு. ஹோட்டல்ல இருந்தா 8 வருஷம்தான். கணக்குப் புத்தகத்துல ஒவ்வொரு வருஷமும் தேயற பொருளைத்தான் நாம "சொத்து"ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம்.

ஒரு உதாரணக் கணக்கு. விலைகள் கடைக்குக் கடை மாறும், நீங்க உங்க விலையைப் போட்டுக்கங்க, முறைதான் முக்கியம். பார்ட்டிகிள் போர்டு கட்டில் ரூ.14,000, 5 வருஷம் வருதுன்னு வைங்க. வருஷத்துக்குத் தேய்மானம் 2,800. அந்தப் பணத்தை 7% டெபாசிட்ல போட்டிருந்தா வந்திருக்கும் வட்டி 980. மொத்தம் 3,780. தேக்கு ரூ.45,000, 30 வருஷம். தேய்மானம் 1,500, வட்டி 3,150. மொத்தம் 4,650. பார்த்தீங்களா, தேக்குதான் செலவு அதிகம். இப்போ நல்ல கேஜ் இரும்புக் கட்டில், இல்லைன்னா வேம்பு, வாகை மாதிரி நாட்டு மரத்துல சாதாரணமா செஞ்ச கட்டில், ரூ.20,000, 20 வருஷம். தேய்மானம் 1,000, வட்டி 1,400. மொத்தம் 2,400. (வட்டியை முழு விலைக்கும் எல்லா வருஷமும் போட்டிருக்கேன். வருஷா வருஷம் குறைச்சுப் போட்டாத் தொகைகள் மாறும், ஆனா நடு ரகம் குறைவா வர்றது மாறாது.)

தேக்கு வாங்காதீங்கன்னு சொல்லலை. பிடிச்சிருந்தா, கையில பணம் இருந்தா, வாங்குங்க, அனுபவிங்க. "முதலீடு"ங்கற பேரை மட்டும் அதுக்கு வைக்காதீங்க. அந்தப் பேரை வெச்சுத்தான் பட்ஜெட்டைத் தாண்டுறோம்.

பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் பத்தி ஒரு வார்த்தை. ஷோரூம்ல அழகா இருக்கும். ஆனா தினமும் தண்ணி ஊத்தித் துடைக்கிற தரை நம்மளோடது. ஓரத்துல தண்ணி ஏறினா போர்டு உப்பும், ஒரு தடவை கழட்டி மாட்டினா ஸ்க்ரூ ஓட்டை பிடிமானம் விட்டுடும். ஒரே வீட்டுல அஞ்சு வருஷம் அசைக்காம வெச்சிருப்பேன்னா சரி. வருஷா வருஷம் குட்டியானையில சாமான் ஏத்துறவங்களுக்கு அது ஆகாது. அவங்களுக்கு என் ஓட்டு போல்ட் மாட்டுன இரும்புக் கட்டிலுக்குத்தான். பைப் கனம் கேளுங்க. 18 கேஜ்னா சுமார் 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ்னா 1.6. கேஜ் எண் கூடக்கூட தகடு மெலிசு, இது பல பேருக்குத் தலைகீழாத் தெரியும். கேஜ் தெரியலைன்னு கடைக்காரர் சொன்னா கட்டிலோட எடையைக் கேளுங்க. நடுவுல தாங்கு கால் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. 5 அடி அகலத்துக்கு மேல போனா நடுக்கால் இல்லாத கட்டில் வேண்டாம்.

மரம்னு முடிவு பண்ணிட்டா, நகைக்குக் கேட்கிற சேதாரக் கேள்வியை இங்கேயும் கேளுங்க. தச்சர் "ஏழு கன அடி ஆகும்"னு சொல்வார், நாம தலையாட்டுவோம். கணக்கு ரொம்ப ஈஸி. நீளத்தை அடியில, அகலத்தையும் கனத்தையும் அங்குலத்துல எடுத்து, மூணையும் பெருக்கி 144-ஆல வகுத்தா கன அடி. பக்கச் சட்டம் ஒண்ணு, ஆறரை அடி நீளம், 6 அங்குலம் அகலம், ஒன்றரை அங்குலம் கனம்னா 0.41 கன அடி. செதுக்கு வேலை இல்லாத 5 அடி கட்டிலுக்கு பக்கச் சட்டம் ரெண்டு, குறுக்குச் சட்டம் அஞ்சு, 3 அங்குலச் சதுரக் கால் நாலு, நடுவுல ஒரு தாங்கு சட்டம் எல்லாம் சேர்த்தா சுமார் 3.4. சேதாரம் 20% கொடுத்தாலும் 4 கன அடி. படுக்கிற பலகையையும் மரத்துலயே போட்டா கூடும், ப்ளைவுட்னா இவ்ளோதான். ஏழுன்னு சொன்னா, எது எதுக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தரச் சொல்லுங்க. நல்ல தச்சர் கோவிச்சுக்க மாட்டார், அவரே எழுதிக் காட்டுவார்.

தேக்கிலயும் வைரம் பாய்ஞ்ச உள் மரம்தான் கரையானுக்குத் தாங்கும். ஓரத்துல வெளிறின பகுதியை பாலிஷ் போட்டு ஒரே நிறமா காட்டிடலாம். அதனால பாலிஷுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ப் பாருங்க. வீட்டு மரத்தை வெட்டிச் செய்யறவங்க, காயறதுக்கு மாசக்கணக்குல நேரம் கொடுங்க. கல்யாணத் தேதிக்காக பச்சை மரத்துல செஞ்ச கட்டில் ஒரு வெயில் காலத்துலயே இணைப்பு விட்டு கிறீச் கிறீச்னு சத்தம் போட ஆரம்பிச்சுடும்.

"வட்டியே இல்லா" இஎம்ஐ

கடையில போர்டு: ரூ.36,000 கட்டில், மாசம் 3,000, 12 மாசம், வட்டி இல்லை. நீங்க ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "முழுப் பணமும் இப்பவே கொடுத்தா எவ்ளோ?" பல கடையில விலை இறங்கும். 33,000-னு சொன்னார்னு வைங்க. அப்போ உண்மையான விலை 33,000. மீதி 3,000 வட்டி. பிராசஸிங் ஃபீஸ் 500, அதுக்கு 18% ஜிஎஸ்டி 90, ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டா நீங்க கட்டுறது வருஷத்துக்குச் சுமார் 20% வட்டி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாது, அது வேற பேர்ல வசூலாகுதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே சுற்றறிக்கை விட்டிருக்கு.

அதே 3,000-ஐ மாசாமாசம் ஆர்டி போட்டா 11 மாசத்துல 33,000 கையில். அவசரம் என்ன? பாய் இருக்கு, கயித்துக் கட்டில் இருக்கு. 11 மாசம் தரையில படுத்தவங்களுக்கு முதுகு உடைஞ்சதா நான் கேள்விப்பட்டதில்லை. (வயசானவங்க, முழங்கால் வலி இருக்கிறவங்க விஷயம் வேற. அவங்களுக்கு மெத்தையோட சேர்த்து 18-லிருந்து 20 அங்குலம் உயரம் இருக்கணும், உட்கார்ந்தா பாதம் தரையில முழுசாப் படணும். அவங்களுக்குக் காத்திருக்க வேண்டாம், ஒரு சிம்பிள் சிங்கிள் கட்டிலை உடனே வாங்கிடுங்க.)

இஎம்ஐ-யைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. சீர்க் கட்டிலுக்காக நகையை அடமானம் வைக்கிறது. கட்டில், பீரோ, மெத்தை செட்டுக்கு நகைக்கடன் எடுக்கலாமான்னு கேட்டு வர்ற அப்பாக்களை ஒவ்வொரு முகூர்த்த சீசனுக்கும் பார்க்கிறேன். விலை ஏறுற பொருளை அடகு வெச்சு, விலை இறங்குற பொருளை வாங்குறோம். அதுவும் அந்தப் பொண்ணோட அம்மா நகையை.

அப்போ சீருக்கு என்ன பண்றது?

கட்டிலா கொடுக்காதீங்க, பணமா அவ கணக்குல போடுங்க. 30,000-னா 30,000. அவங்க ரெண்டு பேரும் எந்த வீட்டுல இருக்கப் போறாங்கன்னு தெரியட்டும், கோலமாவுல கோடு போட்டுப் பார்க்கட்டும், பிறகு வாங்கட்டும். மாமியார் வீட்டுலயே இருந்து வேலை மாறுதல்ல ஆறு மாசத்துல ஒசூர் போயிட்டாலும், பணம் கூடவே போகும். ஏழு அடி தலைமாட்டுப் பலகை போகாது. அது ரூம் நிறைய நின்னுக்கிட்டு துணி மடிச்சு வைக்கிற மேடையா மாறிடும்.

வரி பயம் வேண்டாம். அப்பா பொண்ணுக்குக் கொடுக்கிறதுக்கு வருமான வரி கிடையாது. கல்யாணத்துக்கு மத்தவங்க பொண்ணு மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற மொய்க்கும் வரி கிடையாது, தொகைக்கு வரம்பும் இல்லை. ஆனா ஒரே நிகழ்ச்சிக்கு ஒருத்தர்கிட்ட இருந்து 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. பேங்க் வழியா அனுப்பிடுங்க.

ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். நான் பேசறது நீங்களா விரும்பிக் கொடுக்கிறதை. "கட்டில் இல்லாம எப்படி?"ன்னு அந்தப் பக்கம் இருந்து கேட்டு வந்தா, அதுக்குப் பேர் சீர் இல்லை, வரதட்சணை. 1961 சட்டப்படி கேட்கிறதும் குற்றம், கொடுக்கிறதும் குற்றம்.

"ஊர் என்ன சொல்லும்?" இந்தக் கேள்வியை நான் அலட்சியமா ஒதுக்க மாட்டேன். ஒரு அப்பாவுக்கு அது கௌரவம். அதைவிட முக்கியமா, ஒரு அம்மா என்கிட்ட சொன்னாங்க: "சார், புது வீட்டுல எல்லாமே அவங்களுது. அந்தக் கட்டில் ஒண்ணுதான் எம் பொண்ணோடது." இதுக்கு எக்ஸெல்ல பதில் இல்லை. ஆனா அவங்க சொன்னதையே எடுத்துக்கிட்டு யோசிச்சேன். அவளோடதுன்னா, அதோட அகலத்தையும் உயரத்தையும் அவதானே சொல்லணும்? அவ கையில ஒரு டேப்பும் பணமும் கொடுத்தா, அந்தக் கட்டில் இன்னும் கொஞ்சம் அவளோடது ஆகாதா? வண்டியில ஏத்திக் காட்ட ஏதாவது வேணும்னா பீரோ போதும், அது எந்த ரூம்லயும் ஒன்றரை அடிதான் எடுக்கும்.

அப்படியும் கட்டிலாத்தான் கொடுப்பேன்னா, ரெண்டு வேலை செய்யுங்க. பில்லைப் பெண் பேர்ல போடுங்க. கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி வைக்கணும்னு 1985-ல வந்த விதியே இருக்கு. பொருள் என்ன, சுமாரா என்ன விலை, கொடுத்தவர் யார், என்ன உறவுன்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். மண்டபத்துல மொய் நோட்டு எழுதுற அளவுக்கு இதை யாரும் எழுதுறதில்லை. பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் அவளோட சொத்துதான்னு உச்ச நீதிமன்றம் அதே 1985-ல பிரதிபா ராணி வழக்குல தெளிவாச் சொல்லிடுச்சு. ஆனா சொத்துன்னு சொல்ல ஒரு காகிதம் வேணுமே.

பில்னு வரும்போது, "பில் இல்லாம 18% கம்மி பண்ணித் தரேன்"னு சொல்ற கடைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஆறு மாசத்துல சட்டம் விட்டா வாரண்டிக்கு எதைக் காட்டுவீங்க? மரக் கட்டிலுக்கும் இரும்புக் கட்டிலுக்கும் ஜிஎஸ்டி 18%. பில்லுல கடைக்காரரோட ஜிஎஸ்டி எண் இருக்கணும். "காம்போசிஷன்"னு பில்லுல போட்டிருந்தா அவர் உங்ககிட்ட தனியா வரி வசூலிக்கவே கூடாது, அதையும் பார்த்துக்கங்க. தெருவுல பட்டறை போட்டிருக்கிற தச்சர் பதிவு வரம்புக்குக் கீழ இருப்பார், அவர்கிட்ட ஜிஎஸ்டி பில் கேட்கிறதுல நியாயம் இல்லை. மரம் என்ன, அளவு என்ன, தொகை என்னன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீது போதும். தகராறு வந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் புகார் கட்டணமே கிடையாது.

அந்த பில்லையும் பட்டியலையும் போட்டோ எடுத்துப் பொண்ணோட போனுக்கு அனுப்பிடுங்க. ஒரிஜினல் அவ பேர்ல ஒரு ஃபைல்ல, அவ சர்டிஃபிகேட் இருக்கிற அதே ஃபைல்ல, இருக்கட்டும். பீரோச் சாவி யார்கிட்ட இருக்கும்னு நமக்குத் தெரியாதுல்ல.